லாரி ஓடாத வாரத்தில் அரபி வகுப்பு

உளுந்தூர்பேட்டையில் அரபி வாத்தியாராக இருந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். நரைத்த தாடியும், விரலில் உருளும் மணியும், எப்போதும் எதையோ ஓதிக்கொண்டிருக்கும் உதடும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் போல. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கழுதை சந்தைக்குப் போன கதையை அரபியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டே திரும்புகிறவன். முணுக்கென்றால் கோபம் வந்துவிடும். வந்த வேகத்தில் போயும் விடும் என்று நானே சொல்லிக்கொள்வேன். பிள்ளைகள் அதை ஒத்துக்கொண்டதில்லை.

பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற அத்தனை லாரியும் எங்கள் சுவரை உரசிக்கொண்டுதான் போகிறதோ என்று தோன்றும். மொழிப்பாட வேளை வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தமிழுக்குப் போய்விடுவார்கள். அரபி எடுத்த சொற்பப் பேருக்கு ஒதுக்கியது சாலையோரத்து ஓட்டுக் கட்டடம். முன்பு அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்களாம். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். எப்படி இருந்தாலும் ஹாரன் சத்தம் குறையாது. அதனால் நான் பாடம் நடத்தியது முழுக்கக் கத்தல்தான். வீட்டுக்குப் போயும் அதே குரலில் பேசி, "நான் இன்னா ரோட்டுக்கு அந்தாண்டையா நிக்கிறேன்?" என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அந்த ஊரே அப்படித்தான் பேசும். டீ கேட்பவன் விரலைக் காட்டுவான். பஸ் போய்விட்டதா என்று கேட்பவன் புருவத்தைத் தூக்குவான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசும்போதுகூட முகத்தை நேராகத் திருப்பி, வாயை அகலத் திறந்து, கையை வீசித்தான் பேசுவார்கள். வெளியூரிலிருந்து வந்த எனக்கு ஆரம்பத்தில் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள் என்றே தோன்றியது.

அரபி வகுப்பில் எனக்கு இன்னொரு தலைவலி இருந்தது. எங்கள் ஜனங்களுக்கு அரபி என்றால் ஓதுவது. படிப்பது வேறு, ஓதுவது வேறு. கணக்கைப் படிப்பார்கள், சரித்திரத்தைப் படிப்பார்கள்; அரபியை மட்டும் ஓதுவார்கள். பாடப்புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கழுதை சந்தைக்குப் போன கதையை, வேதம் ஓதுகிற அதே ராகத்தில், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வாசிப்பார்கள். இட்லிக் கூடையோடு சாலையில் போகிற ஒரு அம்மாள் எங்கள் ஜன்னலருகே வந்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பாடம் முடியும்வரை அசையாமல் நிற்பாள். இது கழுதைக் கதைதான், நீங்கள் பாட்டுக்குப் போகலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். கழுதையாக இருந்தால் என்ன, அந்தப் பாஷையில் அல்லவா இருக்கிறது என்றாள்.

பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை. பள்ளிவாசல் இமாமின் மகள் ஒருத்தி இருந்தாள். நான்கு வயதிலிருந்து ஓதி வந்தவள். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் தங்குதடையில்லாமல் கொட்டுவாள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, தெரியவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் இருக்கிற பையன் ஒருவனுக்கு ரொட்டி, தண்ணீர், சீக்கிரம், நாளைக்கு என்று அவர் பேசி அனுப்பிய கேசட்டில் கேட்ட சொற்களெல்லாம் தெரியும். எழுத்து ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கெங்கோ இருந்தார்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்து இழுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, நான் ஒரு வரி கத்துவது, அவர்கள் எல்லாரும் சேர்ந்து திருப்பிக் கத்துவது.

அந்தக் கூட்டத்தில்தான் பஞ்சர் கடைக்காரரின் மகளும் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அரபியிலும் எழுதச் சொன்னால் அர்த்தத்தோடு ஒழுங்காக எழுதுவாள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மட்டும் எல்லாம் போச்சு. எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவள் வாயும் அசையும். தனியாக எழுப்பினால் என்னென்னவோ சத்தம் வரும், எந்த எழுத்துக்கும் அது பொருந்தாது. எங்கள் பள்ளியில் அரபிக்குப் பாதி மதிப்பெண் வாய்விட்டு வாசிப்பதற்கு. ஜமாத்துப் பெரியவர்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. ஆகவே ஒவ்வொரு மாதத் தேர்விலும் அரபியில் மட்டும் தோற்றாள்.

அவள் அத்தாவுக்கு அந்த ஒரு பாடம்தான் கண்ணில் பட்டது. நெடுஞ்சாலையின் வடக்குப் பக்கம் அவருடைய கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கணக்கில் எடுத்த மதிப்பெண்ணைச் சொன்னால் அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு அரபி வாயில் நுழையவில்லை என்றால் படிப்பு நின்றுவிட வேண்டும் என்று ஆண்டவனே அடையாளம் காட்டுகிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிமலையில் அவருடைய தங்கை மளிகைக் கடை வைத்திருந்தாள். அங்கே கல்லாவில் உட்கார ஆள் வேண்டும். அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து மலைக்கு ஜீப் பிடித்து, மகளைக் கொண்டுபோய் விட்டுவிடுவதாகத் தலைமையாசிரியரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று கணக்கு வகுப்பு முடிந்த பிறகும் அவள் பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அந்த வியாழக்கிழமை வருவதற்குள் சாலை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்து விவசாயச் சாதியார் தங்கள் சமூகத்துக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு நடத்திய போராட்ட வருஷங்கள் அவை. அதற்கு முன்பும் மறியல் நடந்திருந்தது, ஒருநாள் கூத்து என்று நினைத்துப் பழகியிருந்தோம். இந்த முறை ஒரு வாரம் என்று சொல்லியிருந்தார்கள். நான் நம்பாமல் காலை பஸ் ஏறினேன். உளுந்தூர்பேட்டையில் இறங்கினேன், அவ்வளவுதான். எனக்குப் பின்னாலேயே எலவனாசூர்கோட்டைப் பக்கம் புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தெற்கிலும் வடக்கிலும் அதே கதை. சில ஊர்களில் உயிர்ச்சேதம் ஆனதாகவும் பேசிக்கொண்டார்கள். எங்கள் பள்ளியில் படித்த பல பிள்ளைகளின் அப்பாக்களும் அண்ணன்களும் அந்தச் சாலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க யார் வீட்டிலும் அடுப்பு நிம்மதியாக எரியவில்லை.

நான் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் பள்ளிவாசலில் தங்கினேன். தெருவில் வீட்டுக்கு வீடு முறை வைத்து எனக்குச் சோறு அனுப்பினார்கள். சாலையில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்களுக்கும் அதே வீடுகளிலிருந்துதான் குண்டான் போனது. பாஷை தெரியாத வடக்கத்தி டிரைவர்கள் லாரி நிழலில் உட்கார்ந்து எங்கள் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார்கள். காரம் ஜாஸ்தி. தலைமையாசிரியர் உள்ளூர்க்காரர், சும்மா இருக்க முடியாத பிறவி. தெருப் பிள்ளைகள் வீணாக அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டாம் என்று பள்ளியைத் திறந்து வைத்தார். பஞ்சர் கடைக்காரரின் மகளும் வந்தாள். பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை, மலைக்கு எப்படிப் போவது?

அந்தச் சாலை சும்மா கிடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் காலை பள்ளிவாசல் வாசலில் நின்றபோது, ஊருக்கு மேற்கே கரும்புத் தோட்டத்தில் காற்று நுழைவது கேட்டது. கேட்டது என்றுதான் எழுதுகிறேன். அங்கே கரும்பு இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. யார் வீட்டிலோ ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம், எங்கோ ஒரு கோயில் மணி, தார்ச்சாலை நடுவில் இரண்டு மைனாக்கள் போட்ட சண்டை. இந்த ஊருக்கு இத்தனை சத்தம் உண்டா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஊர்க்காரர்களும் பழக்கதோஷத்தில் கத்தத் தொடங்கி, தங்கள் குரலைத் தாங்களே கேட்டு, வெட்கப்பட்டுத் தணித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அரபி வகுப்பில் ஒரு கைப்பிடிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். புழுக்கம் தாங்கவில்லை. பழக்கப்படி ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் நடத்தி, முந்தின நாளும் நான் ஒருமுறை வாசித்துக் காட்டிய பாடத்தில் ‘ஜன்னலைத் திற’ என்று ஒரு வரி வரும். ஒருத்தருக்கும் புரியப்போவதில்லை என்ற எகத்தாளத்தில், திரும்பிப் பார்க்காமலேயே, வீட்டில் பேசுகிற குரலில் அந்த வரியை அரபியில் சொன்னேன்.

பின்னால் பெஞ்சு நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. காற்று என் முதுகில் வந்து விழுந்தது.

திரும்பினேன். ஜன்னலருகே பஞ்சர் கடைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் அவள் ஏன் எழுந்தாள் என்று புரியாமல் பார்த்தார்கள். இமாம் மகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் எல்லாரையும்விட அதிகமாகத் திகைத்துப் போயிருந்தது ஜன்னலைத் திறந்தவள்தான்.

"சார், நீங்க அந்தாண்ட திரும்பிக்கினு தானே சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"எனக்குக் கேட்டுச்சி சார்." பிறகு கேட்டாள்: "எல்லாருக்கும் எப்பவுமே இப்டித்தான் கேக்குமா?"

ஒரு பையன் சிரித்தான். என்ன கேட்கிறாள் என்று உடனே விளங்கவில்லை. ஆனால் பெரியதாக ஏதோ ஒன்றின் வாசலில் நிற்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. சிரித்தவனை வெளியே அனுப்பினேன். பிறகு குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துத் தமிழில் அவளைக் கேட்டேன்: இன்று காலை என்ன சாப்பிட்டாய்?

"கம்பங்கூழு சார்" என்றாள் உடனே.

மற்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் எதுவுமே கேட்கவில்லையே என்றான் குவைத்துக்காரர் மகன். இன்னொன்று கேட்டேன், இன்னொன்றும் கேட்டேன். பஸ் எப்போது வரும், உன் தம்பி எங்கே, பன்னிரண்டைப் பதினொன்றால் பெருக்கினால் எவ்வளவு. ஒன்றுக்கும் தயங்கவில்லை. பிறகு அதேபோலக் குரலில்லாமல் அரபியில் ஒரு வரி சொன்னேன். அவள் முகம் இருண்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. ஒவ்வொரு மாதத் தேர்விலும் வாசிக்க எழுப்பியபோது பார்த்த முகம்.

"தமிழு வாயில தெரியும் சார். அரபி உள்ளாற போயிடுது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. அந்தப் பெண்ணுக்குக் காது மந்தம். சின்ன வயதில் காதில் சீழ் வந்து நாள்கணக்கில் படுத்திருந்தாள் என்று பின்னால் அவள் அம்மா சொல்லித் தெரிந்தது. அமைதியான இடத்தில் பக்கத்தில் பேசினால் கேட்கும். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. லாரிச் சத்தம் இல்லாத ஒரு நாழிகையைக்கூட அவள் அந்த ஊரில் கண்டதில்லை. பேச்சு என்பது கண்ணால் பார்ப்பது என்றே நினைத்து வளர்ந்திருக்கிறாள். எல்லாரும் முகத்தைத் திருப்பி, வாயை அகலத் திறந்து, கையை வீசிப் பேசுகிற ஊரில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? கணக்கையும் அறிவியலையும் சரித்திரத்தையும் வாத்தியார்களின் உதட்டிலிருந்தே எடுத்து ஒன்பதாம் வகுப்புவரை வந்துவிட்டாள். அரபியில்தான் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. அதன் எழுத்துகள் பலவும் தொண்டைக்குள்ளே பிறக்கின்றன. உதட்டில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

அரபியில் மக்கு என்று இந்தப் பள்ளியில் எல்லாரும், நான் உட்பட, நினைத்திருந்த ஒரு பிள்ளை, இத்தனை வருஷமாக எங்களில் ஒருவராலும் செய்ய முடியாத ஒன்றை எங்கள் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தாள். அன்று மதியம் எனக்கு வந்த சோற்றை நான் தொடவே இல்லை. சந்தோஷமா பிரமிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாலையில் கடைக்குப் போனேன். லாரி இல்லாததால் பஞ்சர் கடைக்காரர் கை கட்டி உட்கார்ந்திருந்தார். வேலையில்லாமல் அவரால் இருக்க முடியவில்லை, ஏற்கெனவே சுத்தமாக இருந்த இரும்பு லீவர்களை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் போட்டார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். உடனே திரும்பி, "இன்னா அத்தா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. இந்த அமைதியில் கேட்கும், சாலை ஓடும்போது கேட்காது என்று நான் விளக்கப் பார்த்தேன். குரல் ஏறியிருக்க வேண்டும், தெரு முழுவதும் கேட்டிருக்கும். அவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"ஹஸ்ரத்து, மக்குன்னா ஒருத்தன் கட்டிக்குவான். செவுடுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எவன் வாசப்படி ஏறுவான்? மறிச்சது வெலகட்டும், மொத பஸ்ஸுல கொண்டு போய் வுட்டுட்றேன். அதுவரைக்கும் யாராண்டயும் சொல்லாதீங்க."

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். மனிதர் கெட்டவர் இல்லை. மகளை ஏதோ ஒரு இடத்தில் பத்திரமாக வைத்துவிட வேண்டும் என்கிற தவிப்புதான் அது. மலையில் லாரி இல்லை. அங்கே போனால் அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். கேட்பதற்கு உப்பு விலையும் சாமை விலையும் மட்டும்தான் இருக்கும். நான் பள்ளிவாசலுக்குத் திரும்பினேன்.

எத்தனை நாள் கிடைக்கும் என்று தெரியாது. மரங்களை எப்போது அகற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்த நாளில் முடிந்ததைச் செய்வது என்று மறுநாளே ஆரம்பித்தேன். ஓதக் கற்றுக்கொடுக்கிறவர்களிடம் ஒரு பழைய முறை உண்டு. ஒவ்வொரு எழுத்தும் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று, தொண்டையின் அடி, நடு, மேல், நாக்கின் வேர், நுனி, உதடு என்று, இடம் இடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மனப்பாடமாக ஒப்பித்ததோடு சரி, அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. காதால் பிடிக்க முடியாததை இடத்தால் பிடிக்கலாமே என்று இப்போது தோன்றியது. ஆனால் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பெண்பிள்ளையின் தொண்டையை நான் தொட முடியாது, என் தொண்டையை அவள் தொடவும் முடியாது. அதனால் இமாம் மகளைக் கூப்பிட்டேன்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. தன்னைப்போல ஓதுகிறவளை ஒரு மக்குப் பெண்ணின் பக்கத்தில் உட்கார வைப்பதா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் வந்தாள். பஞ்சர் கடைப் பெண் ஒரு உள்ளங்கையை அவள் தொண்டையிலும் மற்றதைத் தன் தொண்டையிலும் வைத்துக்கொண்டாள். ஒருத்தி சொல்வாள், மற்றவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள், பிறகு சொல்வாள். முதலில் கனைப்பதுபோல வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் விடவில்லை. கணக்குப் போடுகிறவள் அல்லவா, ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தை விரலால் அளந்து அளந்து வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் தொண்டையின் அடியில் பிறக்கிறதும் நடுவில் பிறக்கிறதும் தனித்தனியாக வந்துவிட்டன.

இமாம் மகள்தான் அதிகம் அசந்துபோனாள். தன் தொண்டைக்குள் இத்தனை கதவு திறந்து மூடுகிறது என்று அவளுக்கே தெரியாதாம். அடுத்த நாள் யாரும் கூப்பிடாமலேயே முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கழுதைப் பாடத்தைப் பஞ்சர் கடைப் பெண் முழுக்க வாசித்தது அதற்கடுத்த நாள். தனியாக எழுந்து நின்று வாசித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரி போனதும் எழுந்துவிட்டேன். அவளுக்கு ராகம் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அரபியோடு சேர்த்தே கற்றுக்கொள்கிற அந்த ஓதல் ராகம் அவள் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்து பிறக்கிற இடமும், சொல்லின் அர்த்தமும்தான். அதனால் பக்கத்து வீட்டில் நடந்ததை வந்து சொல்வதுபோலச் சொன்னாள்: கழுதை சந்தைக்குப் போனது, வழியில் படுத்துக்கொண்டது, கிழவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கிழவர் தூக்கிய இடத்தில் இமாம் மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். குவைத்துக்காரர் மகனும் சிரித்தான். வகுப்பே சிரித்தது. நான் அந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து நடத்தி வந்த பாடம் அது. அது வேடிக்கைக் கதை என்பது அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அந்த அறையில் முதல்முறையாக ஒரு மனுஷி அரபி பேசிக் கேட்டேன். அல்லாவே, இது என்ன படைப்பு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை சாலை திறந்துவிட்டது. முதலில் போலீஸ் வண்டிகள், பிறகு ஒரு பஸ், பிறகு வாரம் முழுக்கத் தேங்கிக் கிடந்த லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு புறப்பட்டன. ஊர் மறுபடி கத்தத் தொடங்கியது. நான் பல்கூட விளக்காமல் பஞ்சர் கடைக்கு ஓடினேன்.

கடை வாசலில் ஒரு தகரப்பெட்டி தயாராக இருந்தது. பக்கத்தில் அவள் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் சாலையைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்து, ட்யூப்பை அமுக்கி எங்கே காற்றுப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற நாளிலும் அத்தாவுக்கு உதவி. அவள் அம்மா முக்காட்டைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அத்தா உள்ளே பெட்டிக்குக் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மகளுக்குப் பின்னால் நின்று, பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டார். முன்பு கூப்பிட்ட அதே குரல்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் தண்ணீரில் எழும் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நாளில் வாயை மூடிக்கொண்டு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். நான்காம் முறை அவர் கத்தினார். சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மகள் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த கயிறு நழுவி விழுந்தது. அதை எடுக்கவில்லை.

இவள் பிறந்ததிலிருந்து எத்தனை முறை இப்படிக் கூப்பிட்டிருப்பார், வராததற்காக எத்தனை முறை திட்டியிருப்பார் என்று அவர் மனதில் ஓடியதோ என்னவோ. மெதுவாக நடந்து, தொட்டியைச் சுற்றி வந்து, சாலைக்கு முதுகைக் காட்டி அவளுக்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள் என்று நினைக்கிறேன். அவர் ஏதோ சொன்னார். கத்தவில்லை, கையை வீசவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு நீளமான லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. கதவோரம் நின்ற அவள் அம்மாவுக்கும் கேட்கவில்லை. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என்னைப் பார்த்துக் கையால் கேட்டாள்.

கேட்டது அந்தப் பெண் ஒருத்திக்குத்தான். ட்யூப்பைக் கீழே வைத்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு தன் அத்தா சொன்னதை எங்களுக்கு எடுத்துச் சொன்னாள்.

"பெட்டிய உள்ள வெக்கச் சொல்றாரு."